அண்ணன் தம்பி சேனல்

நடுக்கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்துகொண்டிருந்தது. அதன் வயர்லெஸிலிருந்து புறப்பட்ட ரேடியோ அலை, கடலைத் தாண்டி, கரையில் அமலதாசன் வீட்டுச் சுவருக்குள் நுழைந்தது.

“எங்கே இவ்வளவு அவசரம்?” என்றது சுவர்.

“உள்ளே இருக்கும் வயர்லெஸ் பெட்டிக்கு. ‘அண்ணே, தண்ணி ஏறுது, ஆளனுப்பு’ என்று தம்பி சூசை கத்துகிறான்.”

“பக்கத்தில் வேறு வள்ளமே இல்லையா?”

“இருந்தன. அவற்றைத் துளைத்துக்கொண்டுதான் வந்தேன். அங்கே எல்லாம் பொதுச் சேனல் ஓடுகிறது. இவன் கத்துவது அண்ணனும் தம்பியும் மட்டும் பேசுகிற சேனலில். மீன் கிடக்கும் இடம் அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதாம். பதற்றத்தில் சேனலை மாற்றத் தோன்றவில்லை.”

சுவர் வழிவிட்டது. அலை பெட்டிக்குள் போனது. பெட்டியும் பேசியது. ஆனால் அடுத்த வீட்டுக்காரன் சுவரில் காது வைப்பான் என்று பயந்து, அமலதாசன் அதன் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தான். சூசையின் அலறல் கொசுச் சத்தம்போல வந்து நின்றது.

இன்னொரு அலை வரும் என்று சுவர் காத்திருந்தது. வரவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த அமலதாசன் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு மனைவியிடம் ரகசியமாகச் சொன்னான்:

“ஒரு சத்தமும் இல்ல. பயலுக்குப் பேசக்கூட நேரமில்ல, இன்னைக்கி நல்ல மீன்பாடு போல. யார்ட்டயும் சொல்லிராத.”