வெள்ளிக் கால்

"ஒரு கால் குடுங்க."

கோயில் வாசல் கடையில் அம்மா வெள்ளித் தகட்டுக் கால் ஒன்றை வாங்கினாள். ஊன்றுகோலில் சாய்ந்து நின்றாள் ஜெயப்ரியா. மூன்று வருடம் கோவாவில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவள். கார்த்திகையில் நடந்த ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. கிளப் அவளைச் சொந்த ஊரான ஆரணிக்கே அனுப்பிவிட்டது.

"நேரா நடக்கவே முடியல. குணமான பிறகு செலுத்தக் கூடாதாம்மா?"

"வேண்டிகினதத் தள்ளிப்போடக் கூடாதுடி."

ஜெயப்ரியாவுக்குக் கண் கலங்கியது. தறியில் உட்கார்ந்தால் பந்தாட்டத்தைத் திட்டாமல் எழுந்திருக்காத அம்மா, அவள் காலுக்காக வேண்டியிருக்கிறாள்!

அம்மன் சந்நிதியில் பூசாரி வெள்ளிக் காலை வாங்கித் தட்டில் வைத்தார். "வேண்டிகினு எத்தினி நாளாச்சும்மா?"

"போன ஆடியில வேண்டிகினது, சாமி."

ஜெயப்ரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். "எனக்கு அடிபட்டது கார்த்திகையிலதானம்மா?"

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இவ பந்தாட்டத்த வுட்டுட்டு, கால் வூட்டுல தங்கணும்னு வேண்டிகினேன், சாமி. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா."