கரடி விடுதலை விழா

சர்க்கஸிலிருந்து மீட்ட கரடி மனிதர்களை மறக்க வேண்டும் என்பது வனத்துறை மறுவாழ்வு முகாமின் விதி. அதனால் அங்கே வேலை பார்க்கும் என் மனைவி செங்கமலம் ஆறு வருடமாகக் கரடி வேஷம் போட்டுக்கொண்டுதான் அதற்குக் கரையான் புற்றைத் தோண்டக் கற்றுக்கொடுத்தாள்.

விடுதலை விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டினார். கூண்டைத் திறந்ததும் கரடி எட்டிப் பார்த்தது. சுற்றிலும் வில்லாக்கள்; நடுவில் மின்வேலி போட்ட நாற்பது ஏக்கர் காடு. கரடி திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"அம்மா, மானம் போகுது, நீங்க ஓடுங்க!" என்று ரேஞ்சர், கரடி வேஷத்தில் நின்ற செங்கமலத்தின் கழுத்தில் ரேடியோ பட்டையை மாட்டி வேலிக்குள் தள்ளிவிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை.

மூன்று நாளாகியும் அவள் வரவில்லை. ரேஞ்சரின் ஆபீஸுக்குப் போனேன். கரடி ஏசி அறையில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தது.

"கேட்டைத் திறங்க சார், கூட்டிட்டுப் போறேன்."

"காட்டுல விட்ட விலங்கைத் திரும்பப் பிடிச்சா ஏழு வருஷம் ஜெயில், தெரியுமா? ஞாயித்துக்கிழமை சஃபாரி இருக்கு, வந்து தூரத்துலேர்ந்து பாருங்க. பேர் சொல்லி மட்டும் கூப்பிட்டுடாதீங்க. மனுஷங்ககிட்ட பழகிடும்."