இடப்பக்கம் வீசிய பந்து

ஏலத்தில் புதுக் கூடைப்பந்து அணிக்குப் போன ரெபேக்காள், முதல் ஆட்டத்தையே பழைய அணியை எதிர்த்து ஆடினாள். இன்று தோற்றால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் சந்தேகம்தான் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கடைசி நொடிகளிலும் புள்ளிகள் சமமாகவே இருந்தன. இருவர் மறித்ததும், எப்போதும்போல, பார்க்காமலே பந்தை இடப்பக்கம் வீசிவிட்டுக் கூடையை நோக்கி ஓடினாள். அங்கே நின்றவள் பள்ளியிலிருந்தே அவளோடு ஆடிய சுகிர்தா, இன்று எதிரணி. அவளும் எப்போதும்போலப் பந்தை ரெபேக்காளுக்கே திருப்பி வீசினாள்.

"எவளுக்குடி பாஸ் போடுறே?" என்று சுகிர்தாவின் கேப்டன் அலறினாள்.

கூடைக்கடியில் ரெபேக்காளை மறிக்க யாருமில்லை.

"என்னடி முழிக்கிற? போடு!" என்று கத்திய சுகிர்தா, குனிந்து தன் சட்டையின் நிறத்தைப் பார்த்தாள்.

பந்து இன்னும் ரெபேக்காளின் கையிலேயே இருந்தது.