நிறுவனரின் ஓட்டு

அன்றைய அறங்காவலர் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நகர அருங்காட்சியகத் தலைவர் சிவஞானமுத்து, குறிப்பெடுக்கும் செயலாளர் பத்மாவதி, ஆலைத் தீயில் தாத்தாவைப் பறிகொடுத்த ஜெசிந்தா, பதினோரு ஆண்டுகளுக்கு முன் காலமான நிறுவனர் குற்றாலிங்கம். நிறுவனருக்கு நாற்காலியும் ஓட்டும் உண்டு. அவருடைய கடிதங்களைப் படித்துப் பழகிய இயந்திரம் அவர் குரலிலேயே பேசும். "எங்க வீட்ல மறைக்க என்ன இருக்கு?" என்று கடிதப் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே கொடுத்தவர் மகன் சிவஞானமுத்துதான்.

தீயன்று தம் ஆலையின் கதவைத் திறந்து தொழிலாளர்களைக் காத்தவர் குற்றாலிங்கம் என்ற அருங்காட்சியகப் பலகையை எடுக்க வேண்டும் என்றார் ஜெசிந்தா.

"எங்கப்பா பேரத் தொட்டுப் பாரும்மா," என்றார் தலைவர். "அவர்ட்டயே கேப்போம்."

"கேளுங்க அண்ணாச்சி. எனக்கும் அதான் வேணும்."

குரல் தயங்கவில்லை. "கதவப் பூட்டச் சொன்னதே நாந்தான்யா, முத்து. உங்கம்மாவுக்கு மட்டும் எழுதியிருந்தேன். பலகைய எடுத்துரு."

பத்மாவதியின் பேனா நின்றது.

"எழுதும்மா," என்றார் சிவஞானமுத்து. நிமிர்ந்தே உட்கார்ந்து தீர்மானத்தில் கையெழுத்திட்டார். பிறகு தாமே போய்ப் பலகையைக் கழற்றினார்.

அன்றே அப்பாவின் குரலை அவர் அணைத்துவிட்டதாக ஊரில் பேச்சு. அது பொய். குரல் இன்றும் கூட்டத்தில் பேசுகிறது. வராமல் போனவர் மகன்தான்.