ஏழிலிருந்து எட்டு வரை

"தம்பி வீட்ல இல்ல சார்."

சொல்லிவிட்டு அக்கா கதவை முழுதாகத் திறந்தாள். பாதி மட்டும் திறந்தால் பொய் தெரிந்துவிடும் என்று ஏனோ தோன்றியது.

வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்ன நீலப் பெட்டி. விளையாட்டு வீரர்களின் சிறுநீரைக் குப்பியில் வாங்கி, முத்திரை வைத்து, ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்துப் போகிறவர்.

"பரவால்லம்மா. எட்டு மணி வரைக்கும் நான் காத்திருந்துதான் ஆகணும். வந்தா எடுத்துக்கறேன்."

மணி ஏழு ஐந்து.

தம்பி கால்பந்து அணியின் இடதுகோடி ஆட்டக்காரன். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பான் என்று சோதனைக்காரர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பது அக்காதான். காலை ஏழிலிருந்து எட்டு, வீடு. இந்த வருடம் இரண்டு முறை அவர்கள் வந்த அன்று அவன் யாரிடமும் சொல்லாமல் நண்பர்கள் வீட்டிலேயே தூங்கிவிட்டான். ஒரே வருடத்தில் மூன்று முறை தவறினால் இரண்டு வருடத் தடை.

இது மூன்றாவது.

அவன் மாடியில்தான் இருந்தான். விடிகிற நேரத்தில் வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறியிருந்தான். கதவு தட்டப்பட்டதும் மேலிருந்து எட்டிப் பார்த்த முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நேத்து கோல்கீப்பர் வீட்ல எல்லாரும் போதைப் பொடி இழுத்தாங்க. நானும் ஒரே ஒரு தடவைதான். மாட்டினா நாலு வருஷம்க்கா. இல்லன்னு சொல்லிடு."

அவனுக்கு இருபத்தெட்டு வயது. முப்பதில் திரும்பி வந்தால் எந்த அணியாவது சேர்த்துக்கொள்ளும். முப்பத்திரண்டில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கதவுக்கும் படிக்கும் இடையில் இருந்த பத்தடியில் அவள் யோசித்தது இவ்வளவுதான்.

சோதனைக்காரர் கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். காப்பியும் வேண்டாம் என்றார். பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிடம் போனது.

மேலே ஏதோ உருண்டது.

"பூனை" என்றாள் அக்கா.

"நல்லா வளர்ந்த பூனை போல" என்றார் அவர், கூரையைப் பார்க்காமலே.

அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. விடியும் முன்பே எழுந்து, குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, யாரோ ஒருவன் சிறுநீர் கழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிளம்பி வருகிறார் ஒரு மனிதர். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவார்? இவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலை என்று எதை எழுதுவார்கள்?

"கண்ணால பாத்தே ஆகணுமா சார்?"

"பாத்தே ஆகணும். வேற யாரோடதையாவது பையில கட்டிக்கிட்டு வந்து ஊத்திட்டா?"

"வெக்கமா இருக்காதா?"

"மொத வருஷம் இருந்துச்சு. இப்ப அவங்களுக்குத்தான். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வராம நிப்பாங்க. நான் குழாயைத் திறந்து விடுவேன். தண்ணிச் சத்தம் கேட்டா வந்துடும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான் மாடி ஞாபகம் வந்தது.

ஏழு நாற்பது. அவர் எழுந்து போய், விதிப்படி வாசல் கதவை வெளியிலிருந்து இன்னொரு முறை தட்டிவிட்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுல என்னவெல்லாம் தெரியும் சார்?"

அவர் மாடிப்படியின் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"எதைத் தேடறமோ அதுதாம்மா தெரியும். ஆட்டம் இருக்கற நாளைக்கு ஒரு பட்டியல், இல்லாத நாளைக்கு ஒரு பட்டியல். சதை ஏத்தற ஊசி, ரத்தத்தை ஏமாத்தற ஊசி, அதெல்லாம் ரெண்டுலயும் உண்டு. பசங்க கூடிக் கூத்தடிக்கறப்ப மூக்குல இழுக்கறாங்களே, அது ஆட்டத்தன்னிக்குப் பட்டியல்ல மட்டும்தான். இன்னிக்கு மாதிரி லீவு நாள்ல அதை நாங்க தேடறதே இல்ல."

எதிரில் இருக்கிற ஒருத்திக்குச் சொல்வதற்கு அந்தக் குரல் கொஞ்சம் அதிகம்.

அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அப்படியென்றால் கதவைத் திறந்து, ஒரு குப்பியை நிரப்பிக் கொடுத்து, போய்ப் படுத்துத் தூங்கியிருக்கலாம். நாலு வருடமும் இல்லை, இரண்டு வருடமும் இல்லை.

ஏழு ஐம்பத்து மூன்று.

"சார், ஒரு நிமிஷம். பின்பக்கமா வந்துட்டானோ என்னவோ, பாத்துட்டு வந்துடறேன்."

"பாருங்கம்மா" என்றார் அவர். "எட்டுக்குள்ள கண்ணுல பட்டாப் போதும். அப்புறம் மெதுவா எடுத்துக்கலாம்."

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். மரப்படிகள் தடதடத்தன. கீழே இருக்கிறவருக்குக் கேட்டால் கேட்கட்டும்.

அறைக்குள் யாரும் இல்லை.

திரைச்சீலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே, கார் நிறுத்தும் கொட்டகையின் தகரக் கூரையில் யாரோ குதிக்கும் சத்தம். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அவன் மதிலில் ஏறி, சந்தில் இறங்கியிருந்தான். தடதடவென்று படியேறி வந்தது சோதனைக்காரர் என்று நினைத்திருக்க வேண்டும்.

கட்டில்மேல் அவனுடைய கைபேசி அடித்தது. கீழேயிருந்து சோதனைக்காரர்தான்; விதிப்படி கடைசி ஐந்து நிமிடத்தில்தான் அவர் கூப்பிடலாம்.

அவள் சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி அவன் பெயரைக் கத்தினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் தாழ்த்தி, வெறுங்காலோடு, இன்னும் வேகத்தைக் கூட்டினான். எந்த ஆட்டத்திலும் அவன் அவ்வளவு வேகமாக ஓடி அவள் பார்த்ததில்லை.