ஆள்காட்டி தந்த நாட்கள்

ஏவுதளத்து வேலியோரச் செம்மணலில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டுவிட்டது. ராக்கெட் கிளம்பும் அதிர்வில் முட்டைகள் உள்ளேயே செத்துவிடும் என்பதால், குஞ்சு பொரிக்கும்வரை எதுவும் கிளம்பக்கூடாது என்பது சட்டம். செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்பட்ட ஜெனிட்டா, பெட்டியும் கையுமாக வீட்டுக்கே திரும்பி வந்தாள். போனால் திரும்பி வர ஏழு வருடம் ஆகும்.

அந்தக் கூட்டைக் காவல் காக்கும் வேலை அவள் அம்மா ரோசலினுக்கு. வெயில் ஏறினால் குருவி தன் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைப்பதைப் பார்த்து, பக்கத்திலேயே ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"உன் புண்ணியத்துல எம்புள்ள இன்னைக்கும் வீட்டுல சாளை மீன் குழம்பு தின்னுச்சு தாயி" என்று தினமும் அதனிடம் சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு நாள் காலை கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. குருவி தன் குஞ்சுகளை வேலிக்கு அப்பால் நடத்திக்கொண்டு போனது. ஏவுதளத்துக்குத் தகவல் சொல்ல ரோசலின் போனை எடுத்தாள்.

கூட வந்திருந்த ஜெனிட்டா அவள் கையைப் பிடித்தாள். "எம்மா, நாளைக்குச் சொல்லேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஏட்டி, அது வெயில்ல காஞ்சு குடுத்த நாளு இவ்வளவும். அது பேரைச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்லுதியா?"

மறுநாள் வானம் அதிர்ந்தபோது ரோசலின் மேலே பார்க்கவில்லை. தூரத்துப் புதரடியில் குஞ்சுகளை இறகுக்குள் அணைத்துப் பதுங்கியிருந்த குருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கியதும் சட்டியைக் கொண்டுபோய் அந்தப் புதரடியில் வைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.