கேலிக் கவசம்

"இன்னும் ரெண்டு ஃபீடிங் பாட்டில் தொங்கவிடு மானசா. பாக்குதவன் சிரிச்சே சாகணும்" என்றான் மகேஷ்குமார்.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் கோவிந்தா குழுவுக்கு அவன்தான் தலைவன். கிருஷ்ண ஜெயந்தி அன்று மனிதர் மேல் மனிதர் ஏறி, உயரத்தில் தொங்கும் தயிர்ப்பானையை உடைக்கிற குழு அது. இந்த வருடம் போலீஸ் ஏகப்பட்ட விதிகளைப் போட்டுவிட்டது. ஹெல்மெட், மார்புக் கவசம், இடுப்பில் கயிறு, டாக்டர் சர்ட்டிஃபிகேட். பையன்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாம என்ன பால்குடிப் பிள்ளைகளா? உச்சியில ஏறுதவன் சட்டத்தையே சட்டையா மாட்டிக்கிட்டு ஏறட்டும். சட்டம் போட்டவனுக்கே வெக்கம் வரும்" என்றான் மகேஷ்குமார்.

நாடகங்களுக்கு உடை செய்வது மானசாவின் தொழில். அவள் செய்திருந்த சட்டையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். முதுகில் லாரிக்குப் பின்னால் எழுதுவதுபோல் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்'. இரண்டு தோளிலும் மினுக்மினுக்கென்று இண்டிகேட்டர். நெஞ்சில் பெரிய மஞ்சள் எழுத்தில், 'எச்சரிக்கை: கீழே பூமி இருக்கிறது'. தலைக்குக் காகிதக்கூழில் செய்த பானை, அதற்கு மேல் ஒரு குட்டிக் குடை.

உச்சியில் ஏறுகிறவன் அவள் தம்பி ஷ்ரவண். போன வருடம் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டவன். அப்படியும் ஹெல்மெட் என்று சொன்னாலே சீறுவான். "அதப் போட்டா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாவக்கா. செத்தாலும் போட மாட்டேன்."

இடுப்புக் கயிற்றையும் நம்ப முடியாது. போலீஸ் பார்க்கும்வரை கட்டியிருப்பார்கள். ஏறும்போது நைசாக அவிழ்த்துவிடுவார்கள். எல்லாக் குழுவிலும் அதுதான் வழக்கம்.

அதனால்தான் மானசா இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டாள். பானைக்குள் ஒரு நல்ல ஹெல்மெட்டைத் துணி சுற்றி, இன்னதென்று தெரியாதபடி ஒளித்து வைத்து ஒட்டியிருந்தாள். சட்டையின் நெஞ்சிலும் முதுகிலும் இடுப்பிலும், தாராவியில் செருப்பு தைக்கிறவர்களிடம் வாங்கிய தடித்த ரப்பர் ஷீட்டை இரட்டை மடிப்பாக வைத்துத் தைத்திருந்தாள். கேலி என்றால் மாட்டிக்கொள்வான், கவசம் என்றால் கழற்றி வீசுவான். தம்பியை அவளுக்குத் தெரியாதா?

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அம்மா வாயில் எதுவும் நிற்காது. மத்தியானம் சொன்னால் சாயங்காலம் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒத்திகைக்காக வீட்டில் ஷ்ரவண் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்து நின்றான்.

"என்னக்கா, இவ்வளவு கனமா இருக்கு?"

"ஆர்ட்டுன்னா அப்படித்தாம்லே இருக்கும். பழகிக்கோ."

அம்மாவுக்கு எரிச்சல். "ஏட்டி, உசுரக் காப்பாத்தணும்னு ஒருத்தன் சட்டம் போட்டா, அதப் பாத்துப் பல்ல இளிக்க. கூடப் பிறந்தவன்னு கொஞ்சமாச்சும் ஈரம் இருக்காட்டி ஒனக்கு? அவன் விழுந்தா ஒங்க ஆர்ட்டா தாங்கிப் பிடிக்கும்?"

மானசாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

விழா அன்று பையன்களுக்கு முகத்தில் வர்ணம் தீட்ட மானசா விடியற்காலையிலேயே போய்விட்டாள். சட்டையையும் பானையையும் அம்மாதான் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். ஷ்ரவண் அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றதும் தெருவே சிரித்தது. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கூட மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மகேஷ்குமார் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

அடுக்கு மேல் அடுக்காகக் கோபுரம் எழுந்தது. ஒத்திகையில் திணறிய ஷ்ரவண் இன்று அணில் மாதிரி ஏறினான். கூட்டம் கொடுத்த உற்சாகம் என்று மானசா நினைத்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று முணுமுணுத்தாள்.

அவன் உச்சியில் நிமிர்ந்து தயிர்ப்பானைக்குக் கையை நீட்டினான். கீழே மூன்றாவது அடுக்கில் யாருக்கோ முழங்கால் மடங்கியது. கோபுரம் அப்படியே சரிந்தது. மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். உச்சியில் இருந்தவன் மட்டும் தனியாக, தூரத்தில் தார் ரோட்டில் போய் விழுந்தான்.

சிரிப்பு நின்றது. கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓட, மானசா அவள் கையை இறுகப் பிடித்தாள். அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் தைரியமாக இருந்தாள்.

"அழாதம்மா. அவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அது வெறும் வேஷம் இல்லம்மா. பானைக்குள்ள அசல் ஹெல்மெட் வச்சிருக்கேன். சட்டை முழுக்க ரப்பர் வச்சுத் தச்சிருக்கேன். ஒங்கிட்ட சொன்னா அவங்கிட்ட நீ உளறிருவன்னுதான் சொல்லல."

அம்மா நின்றாள். அம்மா அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"கனத்துல பிள்ள தடுமாறி விழுந்துரப்படாதேன்னு, நீ போனப்புறம் நான்தாம்ட்டி சட்டைக்குள்ளயும் பானைக்குள்ளயும் இருந்த எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டுப் பழைய பேப்பர அடச்சுத் தச்சேன்."